வேலைக்கல்லாமல் ஒரு மலையேற்றம்

ஒரு காலத்தில் என்னுடன் பத்திரிகையில் பணியாற்றிய நண்பர் ஒருவர் இப்போது சுவிற்சர்லாந்தில் வசிக்கிறார். கோடை விடுமுறையில் குடும்பத்துடன் மலையேறச் சென்ற படங்களை அண்மையில் அனுப்பியிருந்தார். கண்டர்ஸ்டெக் என்ற கிராமத்திலிருந்து கேபிள் காரில் ஏறி, இறங்கியதும் அரை மணி நேரம் நடந்தால் ஓஷினென் ஏரி வந்துவிடுமாம். கடல் மட்டத்திலிருந்து 1,578 மீற்றர் உயரத்தில், மூன்று பக்கமும் பாறைச் சுவர்கள் சூழ்ந்த நீலத் தண்ணீர். கரையில் பிள்ளைகள் பாணும் பாற்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூடவே ஒரு கேள்வியும் எழுதியிருந்தார்: "வெலிமடைப் பக்கம் இப்படி, சின்னப் பிள்ளைகளோடு சுலபமாக நடந்து போய்ப் பார்க்கிற மலை ஏரி ஏதாவது உண்டா? அடுத்த முறை வரும்போது கூட்டிப் போகலாமே."

கேள்வி சிறியதுதான். ஆனால் பதில் எழுத உட்கார்ந்தபோது அது வேறு பல விடயங்களுக்கு என்னை இழுத்துச் சென்றுவிட்டது. அவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஏரி. நமது மலைகளில் இயற்கையான உச்சி ஏரிகள் இல்லை. அல்ப்ஸ், இமயம் போன்ற இடங்களில் காணப்படும் மலை ஏரிகள் பெரும்பாலும் பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன கிண்ணங்கள். பனி பல்லாயிரம் ஆண்டுகள் மலையைத் தேய்த்து நகர்ந்து, பின்னர் உருகிப் பின்வாங்கியபோது எஞ்சிய பள்ளங்களில் தண்ணீர் தங்கியது. நண்பர் போன ஏரியின் கதை சற்று வேறு. பழங்காலத்தில் மலை சரிந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான நீர்நிலை அது. அங்கு மலை சரிந்து ஏரி பிறந்திருக்கிறது. நமக்குச் சரிவு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். வெப்பவலயத்தில் அந்த உயரத்தில் பனியாறு உருவாக வாய்ப்பில்லை. எனவே மலையகத்தில் நாம் ஏரி என்று படம் பிடிப்பதெல்லாம் மனிதன் கட்டியவை. நுவரெலியாவின் கிரகரி வாவி, ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1870களில் உருவாக்கப்பட்டது. மவுசாக்கலை, காசல்ரீ ஆகியவை மின்சாரத்துக்காகக் கட்டப்பட்ட நீர்த்தேக்கங்கள். மவுசாக்கலையின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்கள் தலைகாட்டும். வெலிமடையில் நமக்கு மிக அருகிலுள்ள நீர்த்தேக்கம் உமா ஓயாவை மறித்துக் கட்டிய புஹுல்பொல. அதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

ஆனால் நண்பரின் கேள்விக்கு "இல்லை" என்று ஒரு சொல்லில் பதில் எழுதிவிட முடியாது. நமது மலை தண்ணீரைக் கிண்ணத்தில் வைப்பதில்லை, பஞ்சில் வைக்கிறது. அந்தப் பஞ்சின் பெயர் ஹோர்ட்டன் சமவெளி. வெலிமடையிலிருந்து பொரலந்த, ஒஹிய வழியாக மேலே போனால் அங்கு சேரலாம்.

3,160 ஹெக்டயர் பரப்புடைய இச்சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே, புல்வெளியும் முகில் காடுமாக விரிந்து கிடக்கிறது. காடு மழைக்காக மட்டும் காத்திருப்பதில்லை. பாசி போர்த்திய குட்டை மரங்கள் கடந்துபோகும் மூடுபனியையே வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக நிலத்துக்கு இறக்குகின்றன. அடியில் பல காலமாக மக்கிய கரிய மண் அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. புல்வெளியின் தாழ்வான இடங்களில் காலை வைத்தால் சப்பாத்து நனைந்துவிடும். மழை பெய்து பல நாட்கள் கழிந்திருந்தாலும் நனையும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் நீர் தரும் ஓடைகள் இந்தப் பகுதியில் பிறக்கின்றன. இந்த மலையின் ஏரியைப் பார்க்க வேண்டுமானால் உலக முடிவின் விளிம்பில் நின்று கீழே பார்க்க வேண்டும். வானம் தெளிவாக இருக்கும் விடியலில், தெற்கே சமதரையில் உடவளவை நீர்த்தேக்கம் ஒரு தகடு போல் மின்னும். காலடியில் சொட்டும் தண்ணீர்தான் அங்கு போய் ஏரியாகிறது. அல்ப்ஸில் ஏரி மேலே இருக்கிறது. நமக்குக் கீழே இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நடையும் கடினமானதல்ல. ஃபார் விடுதி என்று வெள்ளையர் காலத்தில் அழைக்கப்பட்ட வேட்டை விடுதி இன்று பார்வையாளர் நிலையமாக இருக்கிறது. அங்கு தொடங்கி அங்கேயே வந்து சேரும் சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றரளவு. சற்றுத் தூரம் புல்வெளி, பிறகு ஓடை, பிறகு காடு, சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு, திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் இடம் மட்டும் சற்றுச் செங்குத்து. மெதுவாக நடந்தால் நான்கு மணித்தியாலம் போதும். அந்த நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர் 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி, இந்த மலைகளில் மரைகளையும் யானைகளையும் வேட்டையாடிப் புத்தகம் எழுதியவர். பின்னர் ஆபிரிக்கா சென்று 1864இல் ஒரு பெரிய ஏரியைக் கண்டு, அதற்குத் தமது அரசியின் கணவர் பெயரைச் சூட்டினார். கரையில் பரம்பரையாக வாழ்ந்த மக்கள் அந்த ஏரியை முன்பே கண்டிருந்தார்கள் என்பது அக்காலத்தில் கணக்கில் சேரவில்லை. நமது சமவெளிக்கும் அதுவே நடந்தது. மகா எலிய தென்ன என்றிருந்த இடம், 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரைப் பெற்றது.

இவ்வளவும் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு நாளில் நடந்து பார்க்கக்கூடியது. வெளிநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து வருகிறார்கள். கொழும்பிலிருந்து இரவோடிரவாக வான் பிடித்து வருகிறார்கள். மலையடிவாரத்துத் தோட்டங்களிலிருந்து மட்டும் வருபவர்கள் மிகச் சிலர். இதுதான் எனக்கு உறுத்துகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒஹியப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிய ஓர் அம்மாவிடம் "பிள்ளைகளோடு மேலே சமவெளிக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "சும்மா எதுக்குங்கய்யா மலைக்குப் போவணும்? நாங்கதான் தெனமும் மலைக்குப் போறமே" என்றார்.

தோட்டத்துப் பேச்சு தெரியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். தோட்டத்தில் மலை என்றால் வேலைத்தலம். "இன்னைக்கு எந்த மலை?" என்றால் இன்று எந்த இடத்தில் கொழுந்து எடுக்கிறீர்கள் என்று பொருள். பிரட்டுக்களத்தில் அப்படித்தான் மலை பிரிக்கப்படும். மலை என்ற சொல்லுக்குள்ளேயே கூடை இருக்கிறது, கங்காணியின் குரல் இருக்கிறது, அரைப் பேரா முழுப் பேரா என்ற கணக்கு இருக்கிறது. ஓய்வு நாளிலும் அதே மலைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு போவது அந்த அம்மாவுக்கு வேடிக்கையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

நமது மக்களின் வரலாற்றில் நடை என்பது பெரும்பாலும் துயரத்தின் பெயராகவே இருந்திருக்கிறது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தே வந்தவர்கள். வழியில் காய்ச்சலாலும் பசியாலும் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபவனியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மகத்தான நடை அது. ஆயினும் அதுவும் துயரத்தை நினைத்து நடந்த நடையே. சிவனொளிபாத மலைக்குப் போகிறோமே என்று சிலர் கேட்கலாம். போகிறோம், நேர்த்திக்காகப் போகிறோம். வேலைக்கும் அல்லாமல், நேர்த்திக்கும் அல்லாமல், போராட்டத்துக்கும் அல்லாமல், தகப்பன் தோளில் ஒன்றும் தாயின் கையில் ஒன்றுமாக வெறுமனே மலை பார்க்க நடப்பது என்ற ஒன்றும் இருக்கிறது. அதற்கு நமது வாழ்க்கையில் இடமே ஒதுக்கப்படவில்லை.

இதிலுள்ள முரணைப் பாருங்கள். உலக முடிவின் விளிம்பிலிருந்து எண்ணூறு மீற்றருக்கும் கீழே தெரிவது நொன்பரெயில் தேயிலைத் தோட்டம். பயணிகள் அதைப் படம் பிடிக்கிறார்கள். லயங்களின் தகரக் கூரைகள் நெருப்புப்பெட்டிகள் போல அழகாகத் தெரிகின்றனவாம். மேலேயிருந்து பார்க்கும் காட்சியில் நாம் இருக்கிறோம்; பார்ப்பவர்களின் வரிசையில் இல்லை. ஹப்புத்தளைக்கு அப்பால் தம்பேத்தன்ன தோட்டத்தில் லிப்டன் ஆசனத்துக்கு ஏறுபவர்களும் நமது கொழுந்துக் கூடைகளுக்கு நடுவேதான் நடக்கிறார்கள். கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 300 கிலோமீற்றருக்கும் நீண்ட பீக்கோ நடைபாதையின் 22 கட்டங்களில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் தேயிலையைச் சுமந்து செல்ல நமது முன்னோர் வெட்டிய பாதைகளே. அந்தப் பாதையை நான் குறை சொல்லவில்லை. சிறு கடைக்காரருக்கும் அறை வாடகைக்கு விடுபவருக்கும் அதனால் நாலு காசு கிடைக்கிறது. ஆனால் பாதையை வெட்டியவரின் பேத்தி அதில் பாரம் இல்லாமல் ஒரு நாள் நடந்திருக்கிறாளா என்று கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு.

தோட்டப் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலாவையும் பாருங்கள். நள்ளிரவில் பஸ் ஏறி, வளைவுகளில் வாந்தி எடுத்து, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையைப் பார்த்து, காலிமுகத்திடலில் கடலைத் தொட்டு, மறுநாள் விடியலில் திரும்புகிறார்கள். கடல் பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரத்தில், உலகில் வேறெங்கும் இல்லாத மூக்கில் கொம்புள்ள ஓணானும், காடெங்கும் ஒரே காலத்தில் பூக்கும் நெலுவும், 2010இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட ஒரு காடும் இருக்கின்றன. அவை நமது பாடசாலைகளின் சுற்றுலாப் பட்டியலில் ஏறுவது அருமை. ஆசிரியர்களைக் கேட்டால், "அங்க என்ன சேர் இருக்கு, புல்லுத்தானே" என்கிறார்கள்.

அந்தப் புல்லைத்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும். இப்போது அதற்கு முன்னெப்போதும் இல்லாத காரணம் ஒன்று வந்திருக்கிறது.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மலைகளை என்ன செய்தது என்பதை வெலிமடையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. அதற்கு முன் 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்களோடு மனிதர்கள் புதைந்ததை நாம் பார்த்திருக்கிறோம். இன்று நமது பிள்ளைகளுக்கு மலை என்றால் இரவில் பெயர்ந்து வீட்டின்மேல் விழுவது. மழை இரைச்சல் கேட்டால் விழித்துக்கொள்ளும் பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். மலைக்குப் பயந்த ஒரு தலைமுறை மலையிலேயே வளர்கிறது.

மலை ஏன் சரிகிறது என்பதைப் புத்தகத்தில் படிக்கலாம். அதைவிட நன்றாகச் சமவெளியில் நின்று படிக்கலாம். புல்லும் காடும் கரிமண்ணும் தண்ணீரை வாங்கி, தடுத்து, மெல்ல விடுவதை அங்கு கையால் தொட்டுப் பார்க்கலாம். அதே நாளில் திரும்பும் வழியில் பொரலந்தையிலும் வெலிமடையிலும், சரிவை மேலிருந்து கீழாகக் கொத்தி உருளைக்கிழங்கும் கோவாவும் போட்டிருப்பதையும், மழை பெய்தால் சிவப்பாக ஓடும் ஓடைகளையும் பார்க்கலாம். தோட்டங்களில் முன்பெல்லாம் கான் வெட்டுவதற்கென்றே ஆள் போடுவார்கள். மழைத்தண்ணீர் மண்ணைக் கரைக்காமல் வழிந்தோட அந்தக் கான்கள் இருந்தன. இன்று பல இடங்களில் அவை தூர்ந்து கிடக்கின்றன. மேலே உள்ள காட்டையும் கீழே உள்ள கானையும் ஒரே நாளில் பார்த்த பிள்ளைக்கு மண்சரிவு கடவுளின் கோபமாகத் தோன்றாது. எந்தக் கான் அடைபட்டிருக்கிறது என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்பவர்கள் நமக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறார்கள்.

1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளில் கைவைக்க வேண்டாமென்று இலங்கை அரசுக்கு எழுதினார். அந்த அறிவுரை ஏற்கப்பட்டிராவிட்டால் சமவெளியிலும் இன்று தேயிலை நின்றிருக்கும். 1960களில் அங்குகூட உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்துப் பின் கைவிட்டார்கள். 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனதால் அது தப்பியது. தண்ணீரின் வழியில் தெரியாத்தனமாகக் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நமக்குத் தூரம் போக வேண்டியதில்லை. உமா ஓயாத் திட்டத்துக்காக மலையைக் குடைந்தபோது, 2014க்குப் பிந்திய ஆண்டுகளில், பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி வந்து திட்டத்தைத் திறந்துவைத்த நாளில் பத்திரிகைகள் மின்சாரத்தின் மெகாவோட் கணக்கை எழுதின. வற்றிய கிணறுகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

சரி, தோட்டத்துக் குடும்பம் அங்கு போவதற்கு என்ன தடை? நுழைவுக் கட்டணம் அல்ல. உள்நாட்டவருக்கு அது வெளிநாட்டவர் கொடுப்பதில் மிகச் சிறிய பங்கு. தடை வாகனம். ஒஹிய ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் ஏற்றத்தில் 11 கிலோமீற்றரளவு. அதற்குப் பிறகுதான் ஒன்பது கிலோமீற்றர் சுற்று தொடங்கும். போதாததற்கு டித்வா மலையக ரயில் பாதையையும் பல இடங்களில் சிதைத்துவிட்டது. ரயிலை நம்பிப் புறப்படுபவர்கள் முன்கூட்டியே நிலையத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. வான் ஒன்றை ஹயருக்குப் பிடித்தால், நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது பல நாள் பேர்.

ஆகவே நான் கேட்பது மிகச் சிறியது. போயா நாட்களிலும் பாடசாலை விடுமுறையிலும், வெலிமடையிலிருந்து விடியற்காலை நான்கரை மணிக்கு ஒரு பஸ். பொரலந்த, ஒஹிய வழியாக ஃபார் விடுதிவரை. பிற்பகல் திரும்ப வேண்டும். இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு இது பெரிய செலவல்ல. மாகாணக் கல்வித் திணைக்களம் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆண்டில் ஒரு வகுப்பையாவது அனுப்பலாம். பெருந்தோட்டக் கம்பனிகள் தமது ஆண்டறிக்கைகளில் சமூகப் பொறுப்பு என்று பளபளப்பான தாளில் அச்சிடுகின்றன. தொழிலாளர் குடும்பங்களை ஆண்டுக்கொரு முறை தோட்டத்து லொறியில் அல்லாமல் ஒழுங்கான வாகனத்தில் அங்கு அனுப்பட்டுமே. நமது தொழிற்சங்கங்களுக்கும் மே தினத்துக்கு பஸ் பிடிக்கத் தெரிகிறது.

இதற்குச் சுற்றாடல் ஆர்வலர்கள் ஆட்சேபிக்கலாம். ஏப்ரல் மாதத்திலும் நீண்ட வார இறுதிகளிலும் அங்கு நெரிசல் தாங்கவில்லை. மரைகள் மனிதர் தரும் உணவுக்குப் பழகிவிட்டன. இன்னும் ஆட்களைக் கொண்டுபோய்க் கொட்டுவதா என்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று பேசும்போதெல்லாம், வராதவர்களை வரவேண்டாமென்பது மட்டும் ஏன் முதலில் வாய்க்கு வருகிறது? ஒரு பஸ் நாலைந்து வான்களின் இடத்தை எடுத்துக்கொள்ளும். நெரிசல் நாட்களில் தனியார் வாகனங்களுக்கு வரம்பு விதிக்கட்டும். தேயிலைக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் செடியை மிதிக்காமல் நடக்கத் தெரியும்.

நண்பருக்கு இவற்றையெல்லாம் சுருக்கி எழுதிவிட்டேன். நம் ஊரவர் யாரேனும் இந்த ஜனவரி, பெப்ரவரியில் போக நினைத்தால் சில குறிப்புகள். வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அந்நேரமே நிற்க வேண்டும். ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி ஏறிவிட்டால் உலக முடிவில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். கம்பளிச் சட்டை கட்டாயம். விடியலில் புல்லில் உறைபனி கிடக்கும் மாதங்கள் இவை. வாயிலில் பையைச் சோதித்துப் பொலித்தீனை வாங்கிவிடுவார்கள். எனவே ரொட்டியையும் சம்பலையும் வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டிக்கொள்ளுங்கள். மரைக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். பேக்கர் நீர்வீழ்ச்சியில் இறங்கிக் குளிக்க நினைக்கவே கூடாது. விளிம்பில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். சிறுசுகள் களைத்துவிட்டால் முதல் ஓடைக்கரையிலேயே உட்கார வைத்து, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். அதுவும் நல்ல நடைதான். விலையுயர்ந்த சப்பாத்து தேவையில்லை, பள்ளிக்கூடச் சப்பாத்தே போதும். ஞாயிற்றுக்கிழமை நனைந்தால் திங்கட்கிழமைக்குள் காயாது என்பதை மட்டும் தாய்மாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.